கண்ணாடிப் பெட்டியில் பிள்ளை, கண்ணீரோடு அம்மா… பால் எப்படி இறங்குகிறது தெரியுமா?

ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தைக்கு முதல் நாள் ஒரு வேளைக்கு எவ்வளவு பால் கொடுப்பார்கள் தெரியுமா? ஒரு மி.லி. மிஞ்சிப்போனால் ஒன்றரை! நம் வீட்டு டீஸ்பூன் ஐந்து மி.லி. பிடிக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குகூட நிறையாது. ஆனால் அந்த ஒரு மி.லி. வந்து சேர்வதற்குள் ஒரு தாயின் மூளையில், ரத்தத்தில், மனசில் என்னவெல்லாம் நடக்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால் மலைத்துப் போவீர்கள்!

என் தங்கைக்கு 30 வாரத்தில் பிரசவம் ஆனது. "புள்ளைய பெட்டியில வெச்சிருக்காங்க" என்று ஊருக்கெல்லாம் போன் போனது. இரண்டாம் நாள் காலை, வார்டுக்குப் பக்கத்து அறையில் ஸ்டீல் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பால் பீய்ச்சினாள். கிண்ணத்தின் அடியில் மஞ்சளாக ஓர் ஈரம், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு விம்மி விம்மி அழுதாள். சிஸ்டர் வந்தார். ஒரு மி.லி. சிரிஞ்சை எடுத்து, கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்து, அந்த ஈரத்தை ஒரு பொட்டு விடாமல் உறிஞ்சினார். 0.4 கோட்டில் வந்து நின்றது. "இது போதும்மா. இன்னிக்கு இவனுக்கு இதுதான் மருந்து" என்றார். உள்ளே போய், வாயில் குழாயோடு கிடந்த பிள்ளையின் வலது கன்னத்துக்குள் இரண்டு சொட்டு, இடது கன்னத்துக்குள் இரண்டு சொட்டு விட்டு, விரல் நுனியால் தடவினார்.

ஆறுதலுக்காகச் செய்தார் என்றுதான் அன்று நினைத்தேன். இல்லை! விழுங்கக்கூடத் தெரியாத பிள்ளைக்குச் சீம்பாலைக் கன்னத்தில் தடவுவது இன்று உலகம் முழுக்கப் பல ஐ.சி.யு.க்களில் இருக்கும் வழக்கம். ஒரு கன்னத்துக்கு 0.1 மி.லி. போதும். சீம்பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புப் பொருட்கள் வாயின் உள்தோலைத் தொட வேண்டும், அதுதான் நோக்கம். வயிறு வரை போகாமலே வேலை செய்கிற பால்!

இப்படிப் பிறக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் மட்டும் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. பத்தில் ஒன்று! அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். இந்த எண்ணிக்கையில் உலகிலேயே முதல் இடம் நமக்குத்தான். அத்தனை பேருக்கும் ஓர் அம்மா இருக்கிறார். அவர்களில் எத்தனையோ பேர் ஏதோ ஒரு வார்டு வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், மார்பு கனக்க உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரிடமும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பால் வந்துச்சா?"

அந்தக் கேள்வியே பாலை நிறுத்தக்கூடும் என்பது தெரியுமா?

பால் ஊறுவது வேறு, பால் இறங்குவது வேறு. இது நம் பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும். "ஊறித்தான் இருக்கு, இறங்க மாட்டேங்குது" என்பார்கள். அறிவியலும் அந்த இரண்டையும் இரண்டு ஹார்மோன்களிடம் பிரித்துக் கொடுத்திருக்கிறது! புரோலாக்டின் பாலை ஊற வைக்கிறது, ஆக்ஸிடோசின் அதை இறக்கிவிடுகிறது. மார்பகத்துக்குள் திராட்சைக் கொத்து மாதிரி நுண்ணிய பைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பையையும் வலை பின்னியது போலத் தசைச் செல்கள் சுற்றியிருக்கின்றன. ஆக்ஸிடோசின் ரத்தத்தில் வந்து தொட்டதும் அந்த வலை இறுகிப் பையைப் பிழிகிறது, பால் குழாய்களுக்குள் பாய்கிறது. இந்த ஆக்ஸிடோசின் வெறும் ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு சங்கிலி! அமெரிக்காவின் வின்சென்ட் டு விக்னோ 1953-ல் அதை ஆய்வகத்தில் செய்து காட்டினார், 1955-ல் நோபல் பரிசு வாங்கினார்.

கவலைக்கும் இந்த இறக்கத்துக்கும் என்ன தொடர்பு? அதைக் கண்டுபிடிக்க ஒரு தாய் என்ன பாடுபட்டார் தெரியுமா?

1948-ல் அமெரிக்காவில் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்று ஓர் ஆராய்ச்சியாளர் தம்பதி. நைல்ஸ் அப்போது கைக்குழந்தைக்காரி. சோதனைக்குத் தன்னையே கொடுத்தார்! குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் அவருடைய கால்களை ஐஸ் தண்ணீரில் வைத்தார்கள். கால் விரலை வலிக்க வலிக்க இழுத்தார்கள். கணக்குக் கேட்டு, தப்பாகச் சொன்னால் மின்சாரம் பாய்ச்சினார்கள். பிறகு குழந்தை எவ்வளவு குடித்தது என்று எடை போட்டுப் பார்த்தார்கள். தொந்தரவே இல்லாதபோது குழந்தைக்குக் கிடைத்தது சராசரி 168 கிராம் பால். தொந்தரவு கொடுத்தபோது 99 கிராம்தான். அதே தொந்தரவோடு ஆக்ஸிடோசின் ஊசியும் போட்டபோது எவ்வளவு தெரியுமா? 153 கிராம்!

யோசித்துப் பாருங்கள். பால் எங்கேயும் போகவில்லை! உள்ளேயேதான் இருந்தது, கதவுதான் சாத்தியிருந்தது. ஒரே ஒரு தாயிடம் செய்த சின்னச் சோதனைதான். ஆனால் 1994-ல் ஜப்பானில் பால் கொடுக்கும் தாய்மார்களிடம் ரத்தப் பரிசோதனையோடு செய்து பார்த்தபோதும் இதே திசையில்தான் முடிவு வந்தது. அவர்களுக்குக் கொடுத்த தொந்தரவு இரண்டு: மனக்கணக்கு, இரைச்சல். ஆக்ஸிடோசின் அலை அலையாக வருவது குறைந்தது. புரோலாக்டின்? அது குறையவே இல்லை!

மனக்கணக்கும் இரைச்சலும்! ஐ.சி.யு.வில் பிள்ளையை விட்டிருக்கும் தாய்க்கு யாரும் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை, இரண்டும் தானாகவே இருக்கின்றன. மானிட்டர் அலாரம் நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்துகிறது. மனசு நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறது: நேற்று 1,080 கிராம், இன்று 1,045, ஏன் குறைந்தது? முதல் சில நாட்களில் எடை இறங்குவது இயல்பு என்று டாக்டர் நூறு தடவை சொன்னாலும் அந்த 35 கிராம் தாயின் நெஞ்சில் பாறாங்கல்லாக உட்கார்ந்துவிடுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கதவு நாள்கணக்கில் சாத்தியே இருந்தால் ஊறுவதும் குறையத்தான் செய்யும். தேங்கி நிற்கிற பால், "போதும், இனி வேண்டாம்" என்று மார்பகத்துக்குத் தகவல் கொடுத்துவிடும். அதனால்தான், பிள்ளை சப்பிக் குடிக்கும் நிலையில் இல்லாவிட்டாலும் பிரசவமான சில மணி நேரத்துக்குள் பீய்ச்சத் தொடங்குங்கள், ஒரு நாளில் எட்டுத் தடவையாவது செய்யுங்கள், ராத்திரி ஒரு தடவையை விட்டுவிடாதீர்கள் என்கிறார்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். குறைமாதப் பிரசவம், சிசேரியன், மன உளைச்சல் மூன்றும் சேர்ந்தால் பால் பெருகுவது இன்னும் ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். தள்ளிப்போவதற்கும் இல்லாமல் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்!

சரி, ஆக்ஸிடோசினைக் கிளப்பிவிடக் குழந்தை வாய் வைத்தே ஆக வேண்டுமா? 1983-ல் பிரிட்டனில் ஆராய்ந்தவர்கள் வியந்து போனார்கள்! குழந்தை அழுகிற சத்தம் கேட்டதுமே, வாய் வைப்பதற்கு முன்பே, தாயின் ரத்தத்தில் ஆக்ஸிடோசின் ஏறத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால்கூட ரவிக்கை நனைகிறதே, அதன் ரகசியம் இதுதான். ஆனால் தொண்டையில் சுவாசக் குழாய் இருக்கிற பிள்ளைக்கு அழுகைச் சத்தமே வெளியில் வராது. பாவம், அந்தத் தாய்க்கு அந்தச் சாவியும் இல்லை! அதனால்தான் அனுபவப்பட்ட சிஸ்டர்கள், பிள்ளை போட்டிருந்த தொப்பியையோ சுற்றியிருந்த துணியையோ கையில் கொடுத்து, "மோந்து பாத்துக்கிட்டே பீய்ச்சும்மா" என்கிறார்கள். போனில் பிள்ளையின் படத்தை எதிரே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே திரை போட்டு உட்கார வைக்கிற மருத்துவமனைகளும் இருக்கின்றன. வாசனையும் முகமும் சாவிதான்!

இன்னொரு சாவி கேளுங்கள். காது வழியாகப் போகிறது! 1989-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. ஐ.சி.யு.வில் குறைமாதப் பிள்ளையை வைத்திருந்த தாய்மார்களில் ஒரு பகுதியினருக்கு 20 நிமிட ஒலிநாடா ஒன்றைக் கொடுத்தார்கள். மூச்சை மெல்ல விடு, தோளைத் தளர்த்து, இதமான ஒரு காட்சியை நினைத்துக்கொள் என்று ஒரு குரல் சொல்லும், அவ்வளவுதான். அதைக் கேட்டவர்களுக்குக் கேட்காதவர்களைவிட 63 சதவீதம் அதிகப் பால்! அதிலும் பிள்ளை வென்டிலேட்டரில் இருந்த தாய்மார்களிடம் வித்தியாசம் 121 சதவீதம்! யாருக்குக் கவலை அதிகமோ அவர்களுக்குப் பலனும் அதிகம். ஒரு கேசட்டு! மாத்திரை இல்லை, ஊசி இல்லை. 2012-ல் 162 தாய்மார்களிடம் இசையும் இளைப்பாறலும் சேர்த்துப் பார்த்த ஆய்வில், பாலின் அளவோடு ஆரம்ப நாட்களில் கொழுப்புச் சத்தும் கூடியிருந்தது. எடை ஏற வேண்டிய பிள்ளைக்குக் கொழுப்பு என்றால் தங்கம் அல்லவா!

தாலாட்டுக்கும் சாட்சி இருக்கிறது தெரியுமா? 2013-ல் நியூயார்க்கின் ஜோன் லோவி குழுவினர், 11 ஐ.சி.யு.க்களில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் நேரடி இசையைச் சோதித்தார்கள். தாய் தகப்பனே தேர்ந்தெடுத்த, அவர்கள் குடும்பத்துப் பாட்டையே தாலாட்டாக மெல்லப் பாடியபோது பெற்றோரின் மன அழுத்தம் குறைந்தது. ஆராரோ தெரிந்த ஆத்தாக்கள் இருக்கிற ஊர் நம்முடையது. வார்டில் சத்தமாகப் பாட முடியாதுதான். பெட்டியின் துவாரத்துப் பக்கம் குனிந்து, மூச்சுக்காற்றளவு குரலில் பாடலாமே!

இப்போது ஒரு கேள்வி. அந்த வார்டில் ஒரு தாயை அதிகமாக வதைப்பது எது என்று நினைக்கிறீர்கள்? அலாரமா, ஊசியா, உடம்பு முழுக்கச் செருகிய ஒயர்களா? அமெரிக்கச் செவிலியப் பேராசிரியை மார்கரெட் மைல்ஸ் இதை அளப்பதற்கென்றே ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார். வார்டின் காட்சியும் சத்தமும் ஒரு பகுதி, பிள்ளையின் தோற்றமும் நிலையும் ஒரு பகுதி, பெற்றோராக இருக்க முடியாமல் போனது ஒரு பகுதி. பல நாடுகளில் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப முதலிடத்தில் வந்து நிற்பது மூன்றாவதுதான்! "என் புள்ளைய நான் தூக்க முடியல, நான் பாத்துக்க முடியல, யாரோ பாத்துக்கிறாங்க." என் தங்கையும் இதையேதான் சொன்னாள். நாங்கள்தான் புரிந்துகொள்ளாமல், "மெஷின் சத்தத்தைக் கேக்காத, நீ வெளிய வந்து உக்காரு" என்று அவளைப் பெட்டியிடமிருந்து தள்ளித் தள்ளி உட்கார வைத்தோம். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தோம்.

தள்ளி வைப்பதா, சேர்த்து வைப்பதா? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது! பாரிஸில் ஸ்தெஃபான் தார்னியே என்ற டாக்டர், கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டரைப் பார்த்துவிட்டு, 1880-களில் குழந்தைகளுக்கு அதே மாதிரி பெட்டி செய்ய வைத்தார். அவருடைய மாணவர் பியர் புதான் 1900-ல் வெளியிட்ட நூலில், பெட்டி மட்டும் போதாது, தாயும் பக்கத்தில் இருந்து பால் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பிரித்து வைத்தால் தாய்க்குப் பிள்ளையிடம் ஒட்டுதலே போய்விடுவதை அப்போதே கவனித்து எழுதியவர் அவர். ஆனால் உலகம் பெட்டியை எடுத்துக்கொண்டது, தாயை வெளியே நிறுத்திவிட்டது! அமெரிக்காவின் கோனி தீவுப் பொழுதுபோக்குப் பூங்காவில் 1903 முதல் 1943 வரை மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளைப் பெட்டியில் வைத்து 25 சென்ட் டிக்கெட்டுக்குக் காட்சியாக வைத்தார், நம்ப முடிகிறதா? அந்தக் காசில்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினார், பெற்றோரிடம் ஒரு பைசா வாங்கவில்லை. பால் கொடுத்தவர்கள் சம்பளத்துக்கு வந்த செவிலித் தாய்மார்கள்.

மருத்துவமனைகளில் தொற்று பயம். தாய் உள்ளே வந்தால் கிருமி வரும் என்று கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள். 1970-ல்தான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவினர், தாய்மார்களை உள்ளே விட்டுப் பார்த்தோம், தொற்று கூடவில்லை என்று எழுதினார்கள். கூடாதது மட்டுமா? தாய் உள்ளே இருப்பதே ஒரு தடுப்பு மருந்து என்பது பிறகு தெரிந்தது! எப்படி என்கிறீர்களா? அந்த வார்டின் கிருமிகளைத் தாயின் உடம்பும் சந்திக்கிறது. அவள் குடலிலும் மூச்சுப் பாதையிலும் இருக்கும் பாதுகாப்புச் செல்கள் அந்தக் கிருமிகளை அடையாளம் கண்டு, ரத்தத்தில் பயணம் செய்து, மார்பகத்தில் போய் இறங்குகின்றன. அங்கே அதே கிருமிகளுக்கு எதிரான பொருளை உண்டாக்கிப் பாலில் கலந்துவிடுகின்றன. எந்த வார்டில் பிள்ளை இருக்கிறதோ அந்த வார்டுக்கென்றே தயாரான பால்! வெளியே நாற்காலியில் உட்கார வைத்த தாயால் இதை எப்படிச் செய்ய முடியும்?

பாலைப் பற்றியே இன்னும் இரண்டு அதிசயம் சொல்லிவிடுகிறேன். குறைமாதத்தில் பிரசவித்த தாயின் பால், நிறைமாதத் தாயின் பாலிலிருந்து வேறுபட்டது தெரியுமா? முதல் சில வாரங்களுக்குப் புரதம் அதிகம், நோய் எதிர்ப்புப் பொருட்கள் அதிகம். 1970-களின் கடைசியிலும் 1980-லும் இதை அளந்து காட்டினார்கள். பிள்ளை அவசரப்பட்டு வந்துவிட்டது என்பது பாலுக்குத் தெரிந்திருக்கிறது! அடுத்தது, பாலில் 150-க்கும் மேற்பட்ட சர்க்கரைச் சேர்மங்கள் இருக்கின்றன, அவற்றைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. பிறகு எதற்கு? குழந்தையின் குடலில் வளரும் நல்ல பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடு! தாய் ஊட்டுவது பிள்ளைக்கு மட்டுமல்ல, பிள்ளைக்குக் காவல் இருப்பவர்களுக்கும் சேர்த்து. குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகும் ஒரு கொடிய நோய் உண்டு. 1990-ல் பிரிட்டனில் 926 குறைமாதக் குழந்தைகளைக் கவனித்தபோது, தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களைவிடப் பால்பவுடர் மட்டுமே குடித்தவர்களிடம் அந்த நோய் ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக இருந்தது. அந்த 0.4 மி.லி.யைச் சிஸ்டர் ஏன் அப்படி உறிஞ்சி எடுத்தார் என்று இப்போது புரிகிறதா?

இனி, எனக்கு மிகவும் பிடித்த கதை. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா, 1978. ஏழைகள் வரும் பெரிய பிரசவ மருத்துவமனை. பிள்ளைகள் அதிகம், இன்குபேட்டர் குறைவு, ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகள், தொற்று, சாவு. எட்கர் ரே என்ற டாக்டர் ஒரு முடிவெடுத்தார். பிள்ளையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்துக் கட்டிவிடுங்கள், பால் கொடுங்கள், தாயே பெட்டி! அடுத்த வருஷம் எக்தோர் மார்த்தினெஸ் என்ற டாக்டரும் சேர்ந்துகொண்டார். கங்காரு, குட்டியைப் பையில் வைத்திருப்பது போல. அதுதான் இன்று நம் அரசு மருத்துவமனைச் சுவர்களில் கூடப் படம் போட்டிருக்கும் கங்காரு தாய் பராமரிப்பு. இல்லாமையிலிருந்து பிறந்த வைத்தியம் பணக்கார நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது!

தாயின் மார்பு வெறும் சூடான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையின் உடம்பு குளிர்ந்தால் மார்பின் சூடு ஏறுகிறது, பிள்ளைக்குச் சூடு கூடினால் மார்பு தணிகிறது. 2006-ல் அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகளை இரு பக்கமும் வைத்து அளந்து பார்த்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி அந்தப் பக்கம், இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி இந்தப் பக்கம், இரண்டு மார்பும் தனித்தனியாகச் சூட்டை மாற்றிக்கொண்டன! அளந்தது ஓரிரு தாய்மார்களிடம்தான் என்றாலும், படித்த அன்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

ரொம்ப நாளாக ஒரு விதி இருந்தது: பிள்ளையின் உடல்நிலை சீரான பிறகுதான் கங்காரு. அந்த விதியை உடைத்ததில் டெல்லிக்குப் பங்கு உண்டு தெரியுமா? உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடத்தியது. இந்தியாவில் சப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு பிரிவினருக்கு, சீராகும் வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே கங்காரு. ஐ.சி.யு.வுக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போட்டார்கள்! ஐ.சி.யு.வில் ஒரு நாளைக்குச் சராசரி 17 மணி நேரம் பிள்ளை நெஞ்சின் மேலேயே இருந்தது. மற்றப் பிரிவில் ஒன்றரை மணி நேரம்தான். 28 நாளைக்குள் இறந்தவர்கள் வழக்கமான முறையில் 15.7 சதவீதம், உடனடிக் கங்காருவில் 12 சதவீதம். நாலில் ஒரு சாவு குறைந்தது! இவ்வளவு தெளிவாகப் பலன் தெரியும்போது இன்னொரு பிரிவுக்கு அதை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 2021-ல் முடிவு வெளியானது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரையாகவே அறிவித்துவிட்டது.

பிள்ளைக்கு நல்லது, தாய்க்கு? ஹரியானாவில் எடை குறைந்த பிள்ளைகளை வைத்திருந்த தாய்மார்களிடம் பார்த்தபோது, வீட்டில் கங்காரு முறையில் வைத்திருந்தவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன. மார்பில் பிள்ளையின் தலை படும்போது ஆக்ஸிடோசின் சுரக்கிறது. அதே ஹார்மோன்தான்! பாலையும் இறக்குகிறது, மனப்பாரத்தையும் இறக்கி வைக்கிறது. கங்காரு வைத்து எடுத்த கையோடு பீய்ச்சிப் பாருங்கள், அளவு கூடும் என்று சிஸ்டர்கள் சொல்வது இதனால்தான். என் தங்கை ஒன்பதாம் நாள் முதன்முதலாகப் பிள்ளையை நெஞ்சில் வைத்தாள். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து பீய்ச்சியபோது 35 மி.லி.! அதற்கு முந்தைய தடவை 12.

பெற்றோரை உள்ளே விட்ட நாடுகளில் என்ன ஆனது? எஸ்டோனியாவின் தாலின் நகரில் 1979-ல் நர்ஸ் பற்றாக்குறை. ஆடிக் லெவின் என்ற டாக்டர், பிள்ளைகளைத் தாய்மார்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்! அதைப் பார்த்துக் கனடாக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றிலும் 26 ஐ.சி.யு.க்களில் செய்து பார்த்து 2018-ல் முடிவு சொன்னார்கள்: பிள்ளையின் எடை நன்றாக ஏறியது, பெற்றோரின் மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன, தாய்ப்பாலோடு வீட்டுக்குப் போன பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. ஸ்டாக்ஹோமில் பெற்றோருக்கு வார்டிலேயே ராப்பகலாகத் தங்க இடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் சராசரியாக 5.3 நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள்! பிரேசிலில் இன்னொரு அதிசயம். தாயோ பிள்ளையோ கடைசியாக எப்போது மருத்துவமனையை விட்டு வருகிறார்களோ அன்றுதான் பேறுகால விடுப்பின் முதல் நாள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் பச்சிளம் குழந்தை சிகிச்சைக்கென்றே தனியாக 12 வாரம் வரை விடுப்பு, அப்பாவுக்கும் சேர்த்து!

அப்படியும் பால் போதவில்லை என்றால்? அதற்கும் வழி இருக்கிறது, அதற்காக எந்தத் தாயும் குற்றவாளி இல்லை. உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909-ல் வியன்னாவில் தொடங்கியது. தொடங்கியவர் தியோடர் எஷரிஷ். ஈ.கோலை கிருமியின் பெயரில் இருக்கும் அந்த "ஈ" இவர்தான்! ஆசியாவின் முதல் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில், டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியில் வந்தது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உட்படத் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் இன்று இருக்கிறது. கொடையாகப் பெற்ற பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்துச் சுத்தப்படுத்திக் கொடுக்கிறார்கள். அந்தச் சூட்டில் சில நல்ல பொருட்களும் போய்விடும் என்பதால் சொந்தத் தாயின் பாலுக்குத்தான் முதலிடம், கொடைப்பாலுக்கு அடுத்த இடம். "இன்னிக்கு நம்ம கிட்ட இல்லன்னாலும் புள்ள பட்டினி இல்ல" என்ற நிம்மதியே ஒரு தாயின் தோளைத் தளர்த்திவிடும்.

இதைக் கேளுங்கள், நமக்கெல்லாம் பெருமை! குழாய் எடுத்த பிறகு, மார்பில் குடிக்கப் பலம் வரும் வரை பிள்ளைக்குப் பாலை எதில் புகட்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது தெரியுமா? கப்பில், ஸ்பூனில், அல்லது பாலாடையில்! நம் பாட்டி வீட்டு அலமாரியில் இருக்கும் அதே மூக்கு நீண்ட பாலாடைதான். அந்த ஆங்கில ஆவணத்தில் அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை, நம் வார்த்தையையே அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

பிறகு நேரடியாக மார்பில். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்ய, கர்ப்பக் கணக்கில் 32 முதல் 34 வாரம் ஆகும் என்றுதான் புத்தகங்கள் சொல்லும். ஆனால் ஸ்வீடனின் உப்சாலாவில் கெர்ஸ்டின் நிக்விஸ்ட் பொறுமையாகக் கவனித்தார். 29 வாரத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்து முலையைத் தேடின, கவ்வின, சப்பின! சில பிள்ளைகள் 32 வாரத்திலேயே முழுக்க மார்பில் குடித்தன. பால் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பீய்ச்சி முடித்த மார்பில் சும்மா நக்கிக்கொண்டு கிடக்கட்டும் என்று விடுவதிலேயே பிள்ளை கற்றுக்கொள்கிறது, தாய் தேறுகிறாள்.

உங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் இன்று அந்த வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து "பால் வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். எத்தனை மி.லி. என்று எட்டிப் பார்க்காதீர்கள். சுடச்சுட ரசம் சாதம் கொண்டுபோங்கள். அவளுடைய போனை வாங்கிக்கொண்டு விசாரிக்கிற சொந்தங்களுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். பீய்ச்சும் நேரத்தில் கதவுக்கு வெளியே காவல் இருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை அடங்கவில்லை, தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் "சரியாப் போயிடும்" என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருத்துவம் இருக்கிறது. இன்றே சிஸ்டரிடம் போய், கங்காரு எப்போது தொடங்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வைக்கலாம், அம்மா களைத்துப் போகும்போது அப்பா வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அப்பாவும் வைத்துக்கொள்ளலாம். சட்டை பட்டனைத் திறந்தால் போதும்.